சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: ஒரே இருக்கையில் எத்தனை மணி நேரம்?

மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளம் காட்டும் விவரங்களும் இங்கே இல்லை. அவர் எழுதியதன் சுருக்கம்:

"எனக்கு வயது 66. சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது. காலையில் 22 யூனிட், இரவில் 14 யூனிட் கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். மார்ச் முதல் வாரத்தில் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவைசிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறேன், சாயங்காலமானால் மட்டும் இரண்டு காலிலும் கொஞ்சம் வீக்கம் தெரியும். மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். மாமியாரைக் கவனிக்க வேண்டியிருப்பதால் கணவரால் வர முடியாது, நான் தனியாகத்தான் போகிறேன்.

நெட்டில் பார்த்தால் சென்னையிலிருந்து 13,900 கிலோமீட்டர், 17½ மணி நேரம் என்று வருகிறது. மகன் எடுத்துக் காட்டிய டிக்கெட்டிலோ அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி அதே நாள் மதியம் 1.40-க்கு இறங்குவதாக இருக்கிறது. பத்து மணி நேரம்கூட இல்லை! எது உண்மை? காசிக்கு இரண்டு நாள் ரயிலில் போய் வந்தவள் நான், இது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன். மகன் இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறான். துபாய் வழி நேரம் குறைவு, பிராங்பேர்ட் வழி மூன்றரை மணி நேரம் அதிகம். நேரம் குறைவானதையே எடுத்துவிடலாமா? கிளம்பும் அன்று ஒரு ஆஸ்பிரின் போட்டால் காலில் ரத்தம் கட்டாது என்கிறார் கொழுந்தனார். பக்கத்து வீட்டுப் பெண் தூக்க மாத்திரை தருகிறேன் என்கிறாள். அடிக்கடி பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்திருக்கிறேன். வீல்சேர் கேட்கச் சொல்கிறாள் மகள். நடக்கத் தெம்பிருக்கும்போது அதில் உட்கார எனக்கு ஒப்பவில்லை. இன்சுலினை எந்த ஊர் நேரப்படி போடுவது?"

அன்புள்ள அம்மா,

நீங்கள் போகலாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் "போகாதே என்று சொல்லிவிடுவீர்களோ" என்ற பயம் தெரிகிறது. சர்க்கரை, மூட்டு அறுவைசிகிச்சை, 66 வயது மூன்றும் சேர்ந்திருந்தும் பத்திரமாகப் போய் வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

திரையில் வரும் 17½ மணி

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழியாக இருக்கும் மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர் என்பது சரிதான். அதை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 17½ மணி நேரம் வருகிறது. உங்களுக்குக் காட்டியது இந்த வகுத்தல் கணக்குதான். அந்தப் பாதையில் சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானம் கிடையாது. பெங்களூரு, டெல்லியிலிருந்து நேர் விமானங்கள் ஓடியதுண்டு, ஆனால் அந்த அட்டவணை அடிக்கடி மாறுகிறது. அப்படி ஒன்று கிடைத்தாலும், 16, 17 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்வது உங்கள் முழங்காலுக்கு ஆகாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் நேரமும் பொய்யில்லை. கிளம்பும் நேரம் சென்னை நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்கு 12½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மதியம் 1.40 என்றால் மதுரையில் மறுநாள் அதிகாலை 2.10. ஆக, டிக்கெட்டில் தெரியும் 9 மணி 40 நிமிடத்தோடு 12½ மணியைக் கூட்டுங்கள். 22 மணி 10 நிமிடம் வரும். துபாய் வழிக்கு அதுதான் உண்மையான நேரம்.

அதுவும் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரைதான். நீங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் தங்கை வீட்டில் ஒரு பகல் இருந்துவிட்டுக் கிளம்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல ஏற்பாடு. நள்ளிரவு 12 மணிக்குத் தங்கை வீட்டுப் படி இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டி வந்து, காரில் ஃப்ரீமான்ட் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அப்போது இந்திய நேரம் அதிகாலை 4.40. முழுசாக 28½ மணி நேரத்துக்கு மேல். மனசில் 17½ வைத்துக்கொண்டு போனால், இரண்டாவது விமானத்தில் பாதி வழியிலேயே "இன்னும் எவ்வளவு நேரம்" என்ற சலிப்பு வந்துவிடும். மாத்திரை, சாப்பாடு, இன்சுலின் எல்லாவற்றையும் 28½ மணிக்குத்தான் திட்டம் போட வேண்டும்.

தூரமும் நேரமும் எப்போதும் கூடவே ஏறி இறங்குவதில்லை. சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகிறது. அதே தூரம் திரும்பி வர 17 மணி நேரம் ஆகிறது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்வானக் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, வரும்போது எதிரே நிற்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் சுற்றிப் போக வேண்டி வந்து மணிக்கணக்கில் நீண்டன. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. அதனால் மகன் டிக்கெட் போடும்போது பொதுவான கணக்கை விட்டுவிட்டு, குறிப்பிட்ட அந்த விமானத்தின் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

துபாயா, பிராங்பேர்ட்டா?

மகன் அனுப்பிய இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துபாய் வழியில் முதல் விமானம் 2,900 கிலோமீட்டர், 4¼ மணி நேரம். துபாயில் 2 மணி 5 நிமிடம் இடைவெளி. அடுத்த விமானம் 13,000 கிலோமீட்டர், 15 மணி 50 நிமிடம். பிராங்பேர்ட் வழியில் முதல் விமானம் 7,600 கிலோமீட்டர், 10¼ மணி நேரம். அங்கே 4 மணி நேரம் இடைவெளி. அடுத்தது 9,150 கிலோமீட்டர், 11½ மணி நேரம். மொத்தம் 25¾ மணி.

மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் விமானத்தில் கூடுதலாக உட்காரப் போவது 1 மணி 40 நிமிடம்தான். மீதி, பிராங்பேர்ட்டில் கால் நீட்டிக் காத்திருக்கும் நேரம். உங்களுக்கு அது வீண் நேரமில்லை. ஒரு மருத்துவராக நான் முதலில் பார்ப்பது மொத்த நேரத்தை அல்ல, ஒரே மூச்சில் உட்காரும் நேரத்தைத்தான். ஒரு வழியில் அது ஏறக்குறைய 16 மணி. இன்னொன்றில் 11½ மணி. மூட்டு மாற்றி ஐந்து மாதம்கூட ஆகாத காலுக்கு இந்த 4 மணி 20 நிமிடம் பெரிய வித்தியாசம்.

காசி ரயிலைச் சொன்னீர்கள். ரயிலில் படுத்துக்கொண்டு போனீர்கள் அம்மா. கால் இதயத்துக்குச் சமமாக இருந்தது. ஸ்டேஷனில் இறங்கித் தண்ணீர் பிடித்தீர்கள், அடுத்த பெட்டி வரை நடந்தீர்கள். விமானத்தில் முழங்கால் மடங்கியபடி, தொடையின் பின்பக்கம் சீட் விளிம்பில் அழுந்தியபடி, கால் தொங்கியபடி இருக்கிறது. அதனால் இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது.

காற்றும் வேறு. விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வைக்கிறார்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சுமார் 7,000 அடியில் இருக்கும் கொடைக்கானலில் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல. ஆரோக்கியமான நுரையீரலுக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் பெரிய அறுவைசிகிச்சைக்குப் பின் சிலருக்கு ரத்தச்சோகை ஒட்டிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தொண்டையும் கண்ணும் வறளும். இந்த நிலையில் தண்ணீரைக் குறைப்பது என்ற உங்கள் முடிவை அன்போடு, ஆனால் உறுதியாக மறுக்கிறேன். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். பாத்ரூம் போக வேண்டியிருக்கும், போகட்டும்! அந்த நடை உங்கள் காலுக்கு வைத்தியம். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கினால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

பிராங்பேர்ட் வழியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். "அம்மா ஜெர்மனியில் தனியாகத் திணறுவாள்" என்று மகள் கவலைப்படுவது நியாயம். துபாயில் தமிழோ மலையாளமோ பேசுகிறவர் பத்தடிக்கு ஒருவர் இருப்பார். பிராங்பேர்ட்டில் அப்படியில்லை, ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடையும் நீளம். இதற்கு விடை வீல்சேர், அதைத் தனியாகச் சொல்கிறேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பதால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவரை ஜெர்மனிக்குத் தனி விசா தேவைப்படாது. துபாய் டிக்கெட்டில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று அந்த 2 மணி 5 நிமிடம். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால், மீதி நேரத்தில் உங்களை ஓட வைத்துவிடுவார்கள். எந்த வழியானாலும், சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கட்டும். மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் போட்டால், முதல் விமானத் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிடும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இருக்காது.

என் வாக்கு பிராங்பேர்ட்டுக்கு. பணமோ தேதியோ இடம் கொடுக்காமல் துபாய்தான் என்றால் அதையும் தடுக்கமாட்டேன், ஆனால் துபாயில் குறைந்தது நாலைந்து மணி நேரம் இடைவெளி இருக்கும் டிக்கெட்டாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விமான நிலையத்துக்குள்ளேயே படுத்து எழ ஹோட்டல் இருக்கிறது. அடுத்த 16 மணி நேரம் அதனால் குறையாது, ஏறும்போது கால் வீக்கமாவது வடிந்திருக்கும்.

காலில் ரத்தக்கட்டி

நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் உள்ளே ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயந்துவிடாதீர்கள், ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அது வருகிறது. ஆனால் சமீபத்தில் மூட்டு மாற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு அபாயம் அதைவிட அதிகம். அறுவைசிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம். ஜூலை கடைசியில் கிளம்பினால் (தேதி பற்றிப் பின்னால் சொல்கிறேன்) நீங்கள் அதைத் தாண்டி ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அது உங்களுக்குச் சாதகம்.

கொழுந்தனார் சொல்லும் ஆஸ்பிரின் பற்றி: மாரடைப்பைத் தடுக்கத் தினமும் கொடுக்கும் மருந்து அது. ஒரே ஒரு மாத்திரை போட்டால் பயணத்தில் கால் ரத்தக்கட்டியைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. வயிற்றில் ரத்தக்கசிவு என்ற ஆபத்தை மட்டும் வாங்கிக்கொள்வீர்கள். உங்கள் எலும்பு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், 11 மணி நேரம் உட்கார்ந்து போகப் போகிறேன். ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ வேண்டுமா?" தேவை என்றால் அவரே எழுதித் தருவார். தேவையில்லை என்றால் அதோடு விடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகப் போடும் காலுறை உதவும். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது. பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கியிருந்தால் அதே காலுறை கெடுதல் செய்யும். அதனால் மருந்துக்கடையில் நேராகப் போய் வாங்காதீர்கள். மருத்துவர் முதலில் பாதத்தில் நாடி பார்க்கட்டும், பிறகு அளவெடுத்து வாங்குங்கள். போட்டபின் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பு அழுத்தின இடத்தில் புண் வந்தால் உங்களுக்கு உணர்வே தெரியாமல் போகலாம்.

பிசியோதெரபிஸ்ட் உங்களுக்குச் சொல்லித் தந்த பயிற்சிதான் விமானத்திலும். குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். ஒரு தடவைக்கு இருபது, அரை மணிக்கு ஒரு தடவை. விழித்திருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கச் சமையல் பகுதி வரை போய் வாருங்கள். முன் இருக்கைக்கு அடியில் பை வைக்காதீர்கள், கால் நீட்டும் இடம் அதுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் தூக்க மாத்திரையை அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைப் போட்டால் ஏழெட்டு மணி நேரம் அசையாமல் கிடப்பீர்கள், கால் மடங்கியபடியே இருக்கும். சர்க்கரை இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் வந்து எழுப்பாது. எழுந்ததும் தடுமாறி விழுந்தால் புது மூட்டு தாங்காது. மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்தால் நல்லது. வராவிட்டால் ஒரு நாள் தூக்கம் போனதாக இருக்கட்டும்.

இன்சுலினும் இரண்டு கடிகாரமும்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இதில் நேர வித்தியாசம் உங்களுக்கு உதவியாகவே அமைந்திருக்கிறது.

நீங்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில் போடுகிறீர்கள். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 12½ மணி நேரம். அதனால் மதுரையில் காலை 8 மணி என்றால் ஃப்ரீமான்ட்டில் முந்தின நாள் இரவு 7.30. மதுரையில் இரவு 8 என்றால் அங்கே காலை 7.30. உங்கள் ஊசி நேரம் இரண்டு ஊரிலும் சாப்பாட்டு நேரத்திலேயே விழுகிறது. காலை ஊசி அங்கே இரவு ஊசியாகிறது, இரவு ஊசி காலை ஊசியாகிறது, அவ்வளவுதான்.

கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள். அதை மாற்றாதீர்கள், இந்திய நேரத்திலேயே ஓடட்டும். விமானம் கிளம்பிய பிறகு அந்த வாட்சில் வரும் முதல் காலை 8 மணிக்கு வழக்கமான காலை அளவு, அன்று இரவு 8 மணிக்கு வழக்கமான இரவு அளவு. அதற்கடுத்த ஊசி அந்த வாட்சில் காலை 8 மணிக்கு. அப்போது நீங்கள் மகள் வீட்டில் முதல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பீர்கள். பழக்கத்தில் கை 22 யூனிட்டுக்குப் போகும். போடக்கூடாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள், ஆகவே இரவு அளவான 14 யூனிட்தான். மறுநாள் அந்த ஊர்க் காலையில் 22. அதற்குப்பிறகு வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடுங்கள்.

இந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சமீபத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யூனிட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவு.

விமானத்தில் ஒரு விதி மட்டும் மாறவே கூடாது. சாப்பாடு கண் முன்னால் வந்தபிறகுதான் ஊசி. தட்டு வண்டி பத்து வரிசை முன்னால் தெரிகிறது என்று ஊசி போட்டுவிடுவார்கள், அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கும், பணிப்பெண்கள் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்கள். அரை மணி நேரம் சாப்பாடு வராது. விமானச் சாப்பாட்டு நேரமும் உங்கள் 8 மணியும் ஒத்துப்போகாது. அதனால் பொடி தடவிய நாலு இட்லி, இரண்டு சப்பாத்தி கையில் இருக்கட்டும். பணிப்பெண்ணிடம் "எனக்குச் சர்க்கரை, தட்டைக் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துவைத்துத் தருவார்கள். மீந்ததை இறங்குமுன் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஊசிக்கு முன் ஒவ்வொரு தடவையும் விரலில் குத்திப் பாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் சர்க்கரை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஒரு நாள் ஏறினால் பரவாயில்லை. இறங்குவதுதான் ஆபத்து. வியர்த்தாலோ கை நடுங்கினாலோ உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கடலைமிட்டாய் போதாது, அது மெதுவாகத்தான் ஏறும்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். சரக்குப் பகுதியில் அது உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் அதை நம்பிப் போட முடியாது, பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். கைப்பையில், இரண்டு பிரிவாக, தேவையைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைக்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா அறை வெப்பத்திலேயே தாங்கும், இரண்டு நாள் பயணத்துக்குப் பயமில்லை. மருந்தின் வேதிப்பெயரோடு, ஊசி எடுத்துப்போக வேண்டிய காரணத்தையும் மருத்துவர் லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். புது மூட்டு உலோகம் என்பதால் சோதனை வாயில்களில் சத்தம் வரலாம். அறுவைசிகிச்சை விவரமும் அதே கடிதத்தில் இருந்தால் வேலை சுலபம்.

வீல்சேர் கேளுங்கள்

நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத்தான் தயங்குகிறீர்கள். நீண்ட தூரம் நடக்கவோ வெகுநேரம் நிற்கவோ சிரமப்படுகிறவர்களுக்கும் அது பொருந்தும். உங்களால் வீட்டிலிருந்து கடைவீதி வரை நடக்க முடியும், சரி. ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காமல், வீங்கிய காலோடு, இமிக்ரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க முடியுமா? அது உரிமையும்கூட. அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், ஐரோப்பிய விமான நிலையங்களில் 2006-ஆம் ஆண்டு விதிப்படியும் இந்த உதவிக்குக் காசு வாங்கக் கூடாது. டிக்கெட் போடும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள், கிளம்ப இரண்டு நாள் முன்பு ஒருமுறை உறுதி செய்யுங்கள். தள்ளி வருகிறவர் அந்தந்த ஊரின் வழி தெரிந்தவர். பிராங்பேர்ட் பற்றிய மகளின் கவலை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

பெட்டியும் அப்படித்தான். 23 கிலோ பெட்டியைச் சுற்றும் பட்டையிலிருந்து நீங்கள் தூக்கக் கூடாது, உதவிக்கு வருகிறவரிடம் கேளுங்கள். பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு என்று நிறையக் கட்டிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். உணவுப்பொருள் எது கொண்டுபோனாலும் சுங்கத்தில் "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்ததற்குத்தான் அபராதம் போடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம்.

தேதியை முன்னால் நகர்த்துங்கள்

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னால் போனால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். உடலின் உள்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திருந்தும். 12½ மணி வித்தியாசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் பகலில் கண் செருகும், நடு ராத்திரி பசிக்கும், சர்க்கரையும் ஏறி இறங்கும். அந்த நிலையில் மகளையும் மூத்த குழந்தையையும் கவனிப்பது கஷ்டம். இரண்டாவது பிரசவம் நாள் தவறி முன்னால் வருவதும் உண்டு. ஜூலை கடைசி வாரம் போய்ச் சேர்ந்தால், முதல் இரண்டு வாரம் நீங்கள் தேறுவதற்கு, பிறகுதான் வேலைக்கு.

காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். விற்பவரிடம் "ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயால் திடீரென்று ஏதாவது வந்தால் செலவு கிடைக்குமா, எவ்வளவு வரை" என்று கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. ரத்தக்கட்டி விமானத்திலேயே வரவேண்டும் என்றில்லை, இறங்கி நாலு வாரம் வரைகூட வரலாம். சாயங்காலம் இரண்டு காலும் சமமாக வீங்கி, காலையில் வடிந்தால் அது உங்கள் பழைய வீக்கம். ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்துச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் மகளை 911-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். வருகிறவர்களிடம் முதல் வாக்கியமாக "இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்தார், மார்ச்சில் முழங்கால் மாற்றினார்" என்று சொல்லச் சொல்லுங்கள். மகளும் மாப்பிள்ளையும் வேலை மும்முரத்தில் மறந்துவிடாமலிருக்க, இதைக் கிளம்பும் முன்பே இருவருக்கும் அனுப்பி வையுங்கள்.